கண் மங்கி ஜிமிக்கி தெளிந்தால், லென்ஸை விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போது பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களும் லென்ஸ்களும் கை மாறுவது அதிகமாகிறது. மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே மிரர் இல்லாத புதிய வகை கேமராவுக்கு) போகிறவர்கள் விற்கிறார்கள், தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாங்குகிறார்கள். அந்த நேரத்தில் அடிக்கடி காதில் விழுகிற புகார், "இந்த லென்ஸ் ஷார்ப்பா இல்ல" என்பதுதான். மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் புள்ளி வைத்து எடுத்த படத்தில் இமை முடி மங்கி, ஜிமிக்கியின் முத்து மட்டும் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் தெளிவாக விழுந்திருக்கும். உடனே லென்ஸ் பாதி விலைக்குப் போய்விடுகிறது. அப்படிப் போகிற லென்ஸ்கள் பலவற்றில் கண்ணாடிக் குறை எதுவுமே இல்லை. ஒரு டிரைபாட், ஒரு ஸ்கேல், உங்கள் நாளிதழின் ஒரு பக்கம், ஒரு மணி நேரப் பொறுமை இருந்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். அதைச் சொல்லவும், அதற்காகக் கேமரா மெனுவில் பதிகிற ஃபோகஸ் திருத்த எண்ணையும் மற்ற செட்டிங்குகளையும் தொலைக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்று சொல்லவும்தான் இந்தக் கடிதம்.

முதலில் காரணம். டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும்போது, படம் பதிகிற சென்சார் அந்த வேலையில் கலந்துகொள்வதே இல்லை. லென்ஸ் வழியாக வரும் ஒளியில் ஒரு பகுதி பெரிய மிரரை ஊடுருவி, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன மிரரில் பட்டு, கேமராவின் அடிப்பக்கம் உள்ள ஃபோகஸ் மாட்யூலுக்கு இறங்குகிறது. லென்ஸிலிருந்து சென்சாருக்கு உள்ள தூரமும் லென்ஸிலிருந்து அந்த மாட்யூலுக்கு உள்ள தூரமும் இம்மியும் பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். சின்ன மிரரின் கீல் தேய்ந்தாலோ, கேமரா ஒருமுறை கீழே விழுந்தாலோ, பாடியின் (லென்ஸ் தவிர்த்த கேமராவின்) உற்பத்தி வித்தியாசமும் லென்ஸின் உற்பத்தி வித்தியாசமும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டாலோ, மாட்யூல் "ஃபோகஸ் ஆயிற்று" என்று சொல்லும் இடம் வேறு, சென்சாரில் உண்மையில் தெளியும் இடம் வேறு என்றாகிவிடும். முன்னால் தெளிந்தால் ஃப்ரண்ட் ஃபோகஸ், பின்னால் தெளிந்தால் பேக் ஃபோகஸ். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் எஃப் 5.6 (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது) வைத்து எடுப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஃபுல் ஃபிரேம் பாடியில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் திறந்து 2 மீட்டரில் நிற்கும் ஆளை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 6 செ.மீ.தான். கண்ணுக்கு முன்னால் 3, பின்னால் 3. கண்ணுக்கும் காதுக்கும் இடைவெளி அதைவிடக் கூடுதல். அதனால்தான் ஜிமிக்கி தெளிந்து கண் மங்குகிறது. குறை லென்ஸில் மட்டும் இல்லை, பாடியில் மட்டும் இல்லை, அந்த ஜோடியில் இருக்கிறது. ஒரு பாடியில் மங்கும் அதே லென்ஸ் இன்னொரு பாடியில் பளிச்சென்று இருப்பதும் இதனால்தான்.

எண்ணைத் திருத்தும் முன் வேறு காரணங்களைத் தள்ளிவிட வேண்டும். நிறையப் பேர் செய்வது, நடுப் புள்ளியில் கண்ணைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃபிரேம் அமைப்பது. 2 மீட்டர் தூரத்தில் கேமராவை 10 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் 3 செ.மீ. போய்விடும். மேலே சொன்ன ஆழத்தின் முன்பாதி முழுவதும் அதிலேயே கரைந்தது. இதற்கு எந்தத் திருத்தமும் உதவாது, ஃபோகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்தத்தான் வேண்டும். ஷட்டர் 1/60-ல் இருந்து மணப்பெண் லேசாகத் தலையசைத்தாலும் மங்கும். ஆனால் அந்த மங்கல் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும், ஃபோகஸ் மங்கல் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்கும். மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். லென்ஸ் மவுண்டின் மின் தொடுமுனைகளை உலர்ந்த சுத்தமான துணியால் துடையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் தவறு ஒரே திசையில் விழுந்தால்தான் கேலிபரேஷன், அதாவது மெனுவில் எண் கொடுத்து ஃபோகஸைத் திருத்துவது.

சோதனைக்கு நாளிதழ் பக்கம் அருமையான பொருள். வெள்ளையில் கறுப்பு எழுத்து, ஃபோகஸ் மாட்யூலுக்கு அதைவிட நல்ல இலக்கு தேவையில்லை. ஒரு பக்கத்தைக் கெட்டி அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டி, மேசைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் ஓரமாக 30 செ.மீ. ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து, 15 என்ற கோடு தாளின் தளத்தோடு நேர்க்கோட்டில் வரும்படி வையுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: சாய்த்த ஸ்கேலின் மேலேயே நேராக ஃபோகஸ் புள்ளியை வைத்துவிடுகிறார்கள். வ்யூஃபைண்டரில் தெரியும் சதுரத்தைவிட உள்ளே இருக்கும் ஃபோகஸ் சென்சாரின் பரப்பு பெரியது. சாய்ந்த ஸ்கேலில் எந்தக் கோட்டை அது பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஃபோகஸ் தட்டையான தாளில், அளவு பக்கத்து ஸ்கேலில். இந்த இரண்டையும் கலக்கக் கூடாது.

தூரம், லென்ஸின் குவியத் தூரத்தைப் போல 25 முதல் 50 மடங்கு. 50 மி.மீ. லென்ஸுக்கு ஒன்றேகால் மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர், 85-க்கு சுமார் 2-லிருந்து 4 மீட்டர், 200-க்கு 5-லிருந்து 10 மீட்டர். ஆனால் மேடையில் நீங்கள் வழக்கமாக நிற்கும் தூரம் எதுவோ அதற்கு முன்னுரிமை கொடுங்கள். கேமராவும் தாளும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க எளிய வழி உண்டு. முகம் பார்க்கும் சிறிய கண்ணாடியை அட்டையின் நடுவில் தட்டையாக வைத்து வ்யூஃபைண்டரில் பாருங்கள். உங்கள் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிந்தால் இணை, ஓரத்துக்குப் போனால் டிரைபாட் தலையைத் திருத்துங்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

ஜன்னலோரப் பகல் வெளிச்சம்தான் நல்லது. டியூப் லைட்டின் துடிப்பும் மஞ்சள் எல்இடியும் கணக்கைக் குழப்பும். கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவில் வளைக்கிறது. ஃபோகஸ் மாட்யூல் மஞ்சளை மட்டும் பார்த்துத் தீர்மானித்தால் புள்ளி நகர்ந்துவிடும். பகலில் சரிசெய்த பிறகு, மண்டபத்தில் நீங்கள் பயன்படுத்தும் வீடியோ லைட்டில் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் துளை முழுவதும் திறந்திருக்கட்டும். லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டு வினாடி டைமர் அல்லது ரிமோட். முதல் படம் லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறையில்), திரையை 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து எடுங்கள். இதில் சென்சாரே பார்த்துத் தெளிவைக் காட்டுவதால் மாட்யூலுக்கு இடமில்லை. இதுதான் அளவுகோல்: உங்கள் லென்ஸால் அதிகபட்சம் எவ்வளவு தெளிவு தர முடியும் என்பதை இந்தப் படம் சொல்லிவிடும். இதுவே மங்கலாக இருந்தால் லென்ஸில் உண்மையான குறை இருக்கிறது, கேலிபரேஷனுக்கு வேலையில்லை.

பிறகு லைவ் வியூவை விட்டு வ்யூஃபைண்டருக்கு வாருங்கள். ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) முறை, ஒருமுறை பிடித்ததும் நின்றுவிடுவதாக இருக்கட்டும்: நிக்கானில் ஏஎஃப்-எஸ், கேனானில் ஒன் ஷாட், நடுப் புள்ளி ஒன்று மட்டும். ஒவ்வொரு படத்துக்கு முன்னும் ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டிக்குத் திருப்பிவிட்டுப் பாதி அழுத்துங்கள். இப்படி 5 படம். பிறகு வளையத்தை அண்மைக்குத் திருப்பித் திருப்பி இன்னும் 5. ஃபோகஸ் ஏற்கெனவே பக்கத்தில் நின்றால் மோட்டார் சோம்பேறித்தனமாக அங்கேயே நின்றுவிடும் என்பதால் இந்தத் திருப்பல் அவசியம். படங்களைக் கேமராத் திரையில் பார்க்காதீர்கள், கணினியில் நூறு சதவீதத்தில் பாருங்கள். 10 படங்களில் 7, 8 ஒரே பக்கம் விலகியிருந்தால் அது திருத்தக்கூடிய பிழை. நாலு முன்னால், நாலு பின்னால் என்று சிதறியிருந்தால் வெளிச்சம் போதவில்லை, அல்லது மோட்டார் தேய்ந்திருக்கிறது. சிதறலை எந்த எண்ணாலும் திருத்த முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் நாள்தோறும் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

ஸ்கேலைப் படிக்கும்போது ஒரு கணக்கு: 45 டிகிரிச் சாய்வில் ஸ்கேலின் 1 செ.மீ., ஆழத்தில் 0.7 செ.மீ. 18 என்ற கோடு தெளிந்து 15 மங்கினால் விலகல் சுமார் 2 செ.மீ. இவ்வளவு பக்கத்தில் எடுக்கும்போது தெளிவு முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகவே விழும். முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு என்று பலரும் மனப்பாடமாகச் சொல்லும் சூத்திரம் இந்தத் தூரத்துக்குப் பொருந்தாது.

இனி எண். நிக்கானில் செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன் ட்யூன், கேனானில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட். 5டி மார்க் 3-ல் ஏஎஃப் மெனுவிலும், 6டி, 70டி, 80டி போன்றவற்றில் கஸ்டம் ஃபங்ஷனிலும் இருக்கும். இரண்டு நிறுவனங்களுக்கும் எல்லை மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை. ஃபோகஸ் முன்னால் விழுந்தால் பிளஸ், பின்னால் விழுந்தால் மைனஸ். முதலில் 5, 5 ஆக நகர்த்தி, நெருங்கியதும் ஒன்று இரண்டாகக் குறையுங்கள். 15-க்கு மேல் போக வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பாடியையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஜோடிக் குறை அவர்களுக்குத் தெரியாது.

நிக்கான் டி5, டி500 வந்த 2016 முதல் கேமராவே எண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி வந்தது. டி850, டி7500-லும் உண்டு. லைவ் வியூவில் நடுப் புள்ளியில் ஃபோகஸ் செய்தபின், ஏஎஃப் மோடு பட்டனையும் வீடியோ பதிவுப் பட்டனையும் சேர்த்து இரண்டு வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே எண் வராது. ஐந்து முறை செய்து, வந்த எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எண் பதிந்த பிறகு மெனுவில் ஃபைன் ட்யூனை ஆன் செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டு, "செய்தும் பலனில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

ஜூம் லென்ஸில் டி500, டி850 வரிசை நிக்கானில் ஒரே எண்தான் தர முடியும். 24-70 லென்ஸானால் 70-ல் சரிசெய்யுங்கள், ஆழம் குறைவாக இருக்கும் முனை அதுதான். கேனான் 5டி மார்க் 3, 6டி, 70டி, 80டி போன்றவற்றில் அகல முனைக்கு ஒன்று, டெலி முனைக்கு ஒன்று என இரண்டு எண் தரலாம். நிக்கானில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரே வகை லென்ஸ் இரண்டு வைத்திருந்தால் ஒன்றுக்குத்தான் எண் சேமிக்க முடியும். பார்ட்னரின் 50 மி.மீ. லென்ஸை மாட்டினால், உங்கள் 50-க்கான எண் அதன்மேல் ஏறிக்கொள்ளும். சிக்மாவின் ஆர்ட் வரிசை லென்ஸ் வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி டாக் (லென்ஸைக் கணினியோடு இணைக்கும் கருவி) வாங்குவது பயனுள்ள செலவு. நான்கு வெவ்வேறு தூரங்களுக்குத் தனித்தனித் திருத்தம் லென்ஸின் உள்ளேயே பதியும். பக்கத்தில் சரியாகவும் தொலைவில் தவறாகவும் விழும் லென்ஸுக்கு வேறு வழி இல்லை. டாம்ரானின் டாப்-இன் கன்சோலும் அதே மாதிரிதான்.

மெனுவில் எண் பதியும் வசதியே இல்லாத பாடிகளும் உண்டு. நிக்கானில் டி3500, டி5600 போன்ற 3000, 5000 வரிசைகள், கேனானில் 1500டி, 200டி, 800டி போன்றவை. கேனான் 50டி-யில் கொடுத்ததை 60டி-யில் எடுத்துவிட்டு 70டி-யில் திருப்பிக் கொடுத்தது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றுக்காகவே 60டி-யைத் தவிர்த்து 70டி-யைத் தேடலாம். மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. டிஎஸ்எல்ஆரில் மக்கர் செய்த கேனான் ஈஎஃப் லென்ஸ், அடாப்டர் வழியாக மிரர்லெஸ் பாடியில் நன்றாக வேலை செய்வதைப் பார்த்துப் பலர் ஆச்சரியப்படுவதற்குக் காரணமும் இதுவே.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த எண், ஒரு சர்வீஸில் காணாமல் போகிறது. ஷட்டர் மாற்றவோ சென்சார் சுத்தம் செய்யவோ கொடுத்த கேமரா, மொத்தமாக ரீசெட் ஆகித் திரும்பி வருவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பேக் பட்டன் ஃபோகஸ், ஆட்டோ ஐஎஸ்ஓ எல்லை, காப்பிரைட் பெயர், ஃபைல் பெயர் எல்லாம் முதல் நாள் நிலைக்குப் போயிருக்கும். அது தெரிவது பெரும்பாலும் மறுநாள் விடியற்காலை மண்டபத்தில்தான்.

நிக்கானில் செட்டப் மெனுவின் சேவ்/லோடு செட்டிங்ஸ், பெரும்பாலான மெனு அமைப்புகளைக் கார்டில் ஒரு சிறிய ஃபைலாக எழுதும். பெயர் என்சிசெட் என்ற எழுத்துகளில் தொடங்கும். அந்தப் பெயரை மாற்றினால் கேமரா படிக்காது. கணினியில் காப்பி வைக்கும்போது ஃபைலை அப்படியே விட்டுவிட்டு, அது இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் மாடலும் தேதியும் பெயராக வையுங்கள். திரும்ப ஏற்றும்போது எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் கார்டின் முதல் மட்டத்தில் வையுங்கள். அதே மாடலில் மட்டுமே ஏறும், டி750-ன் ஃபைலை டி850 ஏற்காது. கார்டை ஃபார்மட் செய்தால் படங்களோடு இதுவும் போய்விடும். இனி எதற்கும் உதவாத 2 ஜிபி, 4 ஜிபி கார்டு ஒன்றை இதற்கென்று ஒதுக்கி, பூட்டுத் தாழை இழுத்துவிட்டுப் பையின் உள் அறையில் போட்டுவைப்பது நல்லது. ஏஎஃப் ஃபைன் ட்யூன் எண்கள் இந்த ஃபைலில் வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள், அவற்றைத் தனியாக எழுதத்தான் வேண்டும்.

கேனானில் 1டி எக்ஸ், ஆர்5 போன்ற மேல்வரிசையில் கார்டில் சேமிக்கும் வசதி உண்டு. 5டி மார்க் 3-ல் மோடு டயலின் சி1, சி2, சி3-ல் பதிந்துகொள்ளலாம், ஆனால் அது பாடிக்குள்ளேயே இருப்பதால் சர்வீஸ் ரீசெட்டிலிருந்து தப்பும் என்று சொல்ல முடியாது. பழைய கேனான் பாடிகள் சிலவற்றில் கஸ்டம் ஃபங்ஷன்களை மொத்தமாக அழித்தால், மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் எண் உள்ளே அப்படியே இருக்கும், ஆனால் அது டிசேபிள் ஆகியிருக்கும். எண் இருக்கிறதே என்று ஏமாறாமல், இயங்குகிறதா என்று பாருங்கள். சேமிக்கும் வசதியே இல்லாத பாடிக்கு உங்கள் செல்போன் போதும். மெனுவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மெதுவாக நகர்த்தி வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரீசெட் ஆன கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரமும் ஃபைல் எண்ணும். எண் 0001-லிருந்து மறுபடி தொடங்கியிருந்தால், பழைய படங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே காப்பி செய்யும்போது "ரீப்ளேஸ் செய்யவா" என்று கணினி கேட்கும். களைப்பில் ஒருவர் சரி என்று தட்டினால் நிச்சயதார்த்தப் படங்கள் போய்ச் சேரும். இரண்டு பாடியில் எடுப்பவர்கள், நிக்கானில் ஃபைல் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் பாடிக்கு ஒன்றாக வேறுபடுத்தி வைத்தால் இந்த ஆபத்தே இல்லை. இரண்டு கடிகாரங்களும் நிமிடம் மாறாமல் ஒத்திருந்தால், ஆல்பத்துக்கு வரிசைப்படுத்தும்போது தாலி கட்டும் முன்பே மெட்டி அணிவிக்கும் படம் வராது.

சர்வீஸ் மையங்களிடம் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. ரீசெட் செய்யும் முன் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஃபோகஸ் திருத்த எண் முன்பு என்ன, இப்போது என்ன என்று ரசீதிலேயே இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். செகண்ட் ஹேண்ட் கடைக்காரர்கள், டிரைபாட் வைத்துச் சோதித்துப் பார்க்க வாங்குகிறவருக்கு அரை மணி நேரம் அனுமதித்தால், திருப்பிக் கொடுக்க வருகிற சண்டைகள் பாதியாகக் குறையும். விஸ்காம் துறை உள்ள கல்லூரிகள் இந்தச் சோதனையை ஒரு செய்முறை வகுப்பாகவே வைக்கலாம். துறையில் இருக்கும் எல்லாப் பாடிகளும் லென்ஸ்களும் ஒரே வாரத்தில் சரிபார்க்கப்பட்டுவிடும்.

வாங்குகிறவரும் விற்கிறவரும் கேமராப் பெட்டியில் ஒரு அட்டை போட்டுவைக்கும் வழக்கம் வர வேண்டும். பாடி சீரியலின் கடைசி நான்கு எண், லென்ஸ் சீரியலின் கடைசி நான்கு எண், திருத்த எண் பிளஸ்ஸா மைனஸ்ஸா, சோதித்த தூரம், தேதி. பேனாவால் எழுதாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். கேமரா ஒருமுறை கீழே விழுந்தால் அந்த எண்ணை அழித்துவிட்டு மறுபடி சோதித்து எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கேமரா பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்,
திருச்சி